மூன்றாம் ஓலை

குவீன்ஸ்டவுனில் பதினோராம் மாடியில் குடியிருக்கும் சிலுவைராஜின் வீட்டு பிரிண்டர் அடித்த நிறங்கள், 2023 செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி தொடங்கி ஓராண்டுக்குப் பத்து நாள் குறைய, அவர் வைத்த தாளில் விழாமல் நான்கு ரயில் நிறுத்தம் தள்ளி, கிளமெண்டியில் ஜோனத்தன் என்பவன் வாடகைக்கு இருந்த அறையின் சுவரில் விழுந்துகொண்டிருந்தன. கறுப்பு மட்டும் வழக்கம்போலக் குவீன்ஸ்டவுனிலேயே விழுந்தது. இதனால் ஊருக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு மழை அதிகம். அந்த வட்டாரத்தில் இரண்டு அடுக்குமாடி புளோக்குகளுக்குப் புதுச் சாயம் பூசினார்கள். காப்பிக்கடை ஒன்று கைமாறியது. அவற்றோடு இதுவும் ஒன்று. சிலுவைராஜால் மட்டும் இதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் நிறத்தில் அச்சடிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்தான். அது அவருடைய மகள் மிரண்டாவின் படம்.

சிலுவைராஜ் முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தவர். தீவின் மேற்குப் பக்கத்தில் அவர் கை படாத லிஃப்ட் குறைவு. நின்றுபோன லிஃப்டின் முன்னால் மக்கள் திட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர் அவசரப்படாமல் முதலில் கரண்ட், பிறகு கதவு, பிறகு கயிறு, பிறகு மற்றது என்று வரிசையாகப் பார்ப்பார். எதைத் தொட்டாலும் ஒரு நோட்டில் எழுதுவார். கோளாறு, காரணம், செய்தது என்று அதில் மூன்று பத்தி. காரணம் என்ற பத்தியை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒழுங்கு பங்குக் கோயிலுக்குப் பயன்பட்டது. தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அந்தக் கோயிலில், அலுவலகக் கணினி தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகத்தான் அடிக்கும். அதனால் ஞாயிறு தமிழ்ப் பூசையின் அறிவிப்புத் தாளை அவரே வீட்டில் அச்சடித்துக் கொண்டுபோவார். ஒவ்வொரு வாரமும் அதற்கென்று உட்காராமல், அடுத்தடுத்த ஞாயிறுகளுக்கு உள்ளதை ஒரே மூச்சில் அடித்து, தேதி எழுதி, பீடத்தை ஒட்டிய சக்ரீஸ்து அறையின் நீலக் கோப்பில் செருகிவிடுவார். அவரவர் வந்து அந்த வாரத் தாளை உருவிக்கொள்ள வேண்டியதுதான். நல்ல மெக்கானிக் நாளை வேலையை இன்றே முடித்து வைப்பான் என்பது அவர் கொள்கை.

மிரண்டாவுக்கு இருபத்தொன்பது வயது. பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்தாள். கல்யாண வீட்டில்கூட எதிரே நிற்பவரின் ஈறைப் பார்த்துத்தான் பேசுவாள் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். ஜோனத்தன் தூத்துக்குடியிலிருந்து வந்து பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். தமிழ்ப் பூசையின் பாடற்குழுவில் இருவருக்கும் பழக்கம். நிச்சயதார்த்தத்துக்கு அவள் ராமர் பச்சைச் சேலை கட்டினாள். தேக்கா சென்டர் மாடியில் தையற்கடை வைத்திருந்த அவள் அம்மா அந்தோனியம்மாள், அதற்கு அரக்கு நிறத்தில் ரவிக்கை தைத்தார். அக்டோபர் பதினான்கில் கல்யாணம் என்று முடிவானது. பேசி முடித்த இருவரின் பெயரையும் மூன்று ஞாயிறுகள் பூசை முடிவில் வாசித்து, இவர்களுக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலை செப்டம்பர் பத்தாம் தேதி வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஓலை பதினேழாம் தேதி. பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில் ஒரு பெரியவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் நீட்டியபோது மிரண்டாவின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. வியாழக்கிழமை மண்டாயில் எரித்தார்கள். சாம்பலைக் கோயிலோடு சேர்ந்த மாடங்களில் ஒன்றில் வைத்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சொல் புழங்கவில்லை. ‘அந்தச் செவ்வாய்க்கிழமை’ என்பார்கள். ‘பாப்பா ரூம்’ என்பார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் இதைப் புரிந்துகொண்டு, போனது, நடந்தது என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

மாடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதற்கு நிறத்தில் ஒரு படம் வேண்டும், அதன் கீழே பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி மூன்றும் இருக்க வேண்டும், முதலாண்டுப் பூசைக்குள் தந்தால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மிரண்டாவின் பள்ளிக்கூடப் பாடவேலை, வேலை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகையின் மாதிரி எல்லாம் அந்த பிரிண்டரில் அவள் அப்பா அடித்துக் கொடுத்தவை. இதையும் தானே அடிப்பதுதான் முறை என்று சிலுவைராஜ் நினைத்தார். திங்கட்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, நிச்சயதார்த்தப் படத்தை எடுத்து அச்சடித்தார். சேலை சாம்பலாக வந்தது. ரவிக்கை கரியாக வந்தது. முடியும் புருவமும் கண்ணும் மட்டும் அப்படியே இருந்தன.

முதலில் மையைப் பார்த்தார். நீலம், ரோஜாச் சிவப்பு, மஞ்சள் மூன்றும் நிறைந்திருந்தன. மை தெளிக்கும் முனைகளைச் சுத்தம் செய்தார். வரிசை சரிபார்த்தார். மூன்று மைப்பெட்டிகளையும் புதிதாக மாற்றினார். கேபிளை மாற்றினார், மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார், கூடத்து பிளக்கிலிருந்து சமையலறை பிளக்குக்குக் கொண்டுபோனார். அந்தோனியம்மாள் வேளாங்கண்ணித் தீர்த்தத்தை, உள்ளே இறங்கிவிடாதபடி துணியில் நனைத்து, மூடியின் மேல் மட்டும் துடைத்தார். சோதனைப் பக்கத்தில் கறுப்புக் கோடு வந்தது. மற்ற மூன்று கோடுகளின் இடம் வெள்ளையாகவே இருந்தது. அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. மை குறைந்துகொண்டே வந்தது. உள்ளே போகிறது, இறங்குகிறது, வெளியே வரவில்லை. எந்த இயந்திரத்திலும் உள்ளே போனது எங்கேயாவது வந்தாக வேண்டும். நோட்டில் கோளாறு என்ற பத்தி நிரம்பியது, செய்தது என்ற பத்தி நிரம்பியது, காரணம் என்ற பத்தி முதன்முறையாகக் காலியாக இருந்தது. அடுத்த ஜூன் வரைக்கும் அந்தப் படத்தை அவர் இருநூற்றுப் பதினான்கு முறை அச்சடித்தார். அறிவிப்புத் தாள்களும் கறுப்பு வெள்ளையில் வரத் தொடங்கின. சிக்கனம் என்று பங்கு மக்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தேக்காவில் பிரிண்டர் பழுதுபார்க்கும் ரியாஸிடம் இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போனார். ரியாஸ் தன் கடை மேசையில் வைத்து ஒரு பஞ்சவர்ணக்கிளியை அடித்துக் காட்டினான். கிளி ஐந்து வண்ணத்தில் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதே கிளி காக்கையாக வந்தது. மூன்று தடவை இப்படி நடந்த பிறகு ரியாஸ் கை கழுவினான்.

“அண்ணே, மெஷின் நல்லா இருக்கு லா. உங்க வீட்டுக்குத்தான் ஏதோ வந்துருக்கு. அத வேணும்னா தூக்கிட்டு வாங்க, வாரண்டியில பாத்துத் தரேன்.”

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டான். படத்தை இங்கேயே அடித்துத் தருகிறேன், தாளாகக் கொண்டுபோங்கள் என்றான். சிலுவைராஜுக்கு அதில் இஷ்டமில்லை; ஆனால் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. ரியாஸ் அடித்துக் கொடுத்த தாளில் ராமர் பச்சை, ராமர் பச்சையாகவே இருந்தது. அதைக் கண்ணாடி உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அவுட்ரம் பார்க்கில் மாறினார். தியோங் பாருவில் பார்த்தார், நிறம் இருந்தது. ரெட்ஹில்லில் பார்த்தார், இருந்தது. குவீன்ஸ்டவுனில் இறங்கிப் பார்த்தபோது தாள் சாம்பலாக இருந்தது. திரும்பினார். கதவு மூடிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பச்சையும், அதன் மேல் கொஞ்சம் அரக்கும் உட்கார்ந்திருந்தன. பக்கத்திலிருந்த பள்ளிக்கூடப் பெண் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து இடம் விட்டாள். ரயில் மேற்கே போனது. அவர் இறங்கியிருந்தார், நிறம் இறங்கவில்லை.

அன்று மாலை இதைக் கேட்ட அந்தோனியம்மாள் துணி வெட்டுவதை நிறுத்தவில்லை.

“முப்பது வருஷமா லிஃப்ட் பாத்த மனுஷன். எந்த மாடிக்குப் போவுதுன்னு ஏறிப் பாக்க வேண்டியதுதானே? நடுவுல இறங்கிட்டு வந்து நின்னா?”

சனிக்கிழமை ரியாஸிடம் இன்னொரு தாள் அடித்துக்கொண்டு இருவருமாகப் போனார்கள். குவீன்ஸ்டவுனில் இறங்கவில்லை. காமன்வெல்த், புவன விஸ்தா, டோவர் தாண்டும் வரை தாள் நிறமாகவே இருந்தது. கிளமெண்டியில் கதவு திறந்ததும் பச்சை எழுந்து முன்னால் போனது. இருவரும் பின்னால் நடந்தார்கள். அது பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போய், சாலை கடக்கும் விளக்கில் சிவப்பு மனிதன் எரிந்த இடத்தில் எல்லோரோடும் நின்று, பச்சை மனிதன் எரிந்ததும் கடந்தது. ஒரு புளோக்கின் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தது. அந்த லிஃப்டின் கதவுச் சக்கரத்தை ஒரு காலத்தில் தானே மாற்றியது சிலுவைராஜுக்கு நினைவு வந்தது. ஏழாம் மாடியில் ஒரு கதவுக்கு அடியில் பச்சை நுழைந்தது. அவர் அழைப்புமணியை அழுத்தினார். ஜோனத்தன் கதவைத் திறந்தான். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விட்டுவிட்டிருந்தார்கள். அவன் மெலிந்திருந்தான். அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“வாங்க மாமா. வாங்க அத்த. நேத்து பதினோரு தடவ டெஸ்ட் பேஜ் அடிச்சீங்கல்ல?”

அந்தோனியம்மாள் செருப்பைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் பேசி முடித்த பிறகும் அவன் அவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுவந்தான். கழுத்தில் தாலி ஏறட்டும், அப்புறம் மாமா என்பேன் என்று மிரண்டாவிடம் சொல்லியிருந்தான்.

அறையின் கூரையில் மஞ்சளும் நீலமும் ரோஜாச் சிவப்புமாகச் சோதனைக் கோடுகள் வரிவரியாக இருந்தன. ஒரு மூலையில் ரியாஸின் கிளி. சன்னலுக்கு மேல், பதுவைப் புனிதரின் திருவிழா அறிவிப்பிலிருந்து வந்த லீலி மலர்கள். கட்டிலுக்கு எதிரே, நின்றால் முகத்துக்கு நேராக, ஒரு தாளின் அளவில் மிரண்டா இருந்தாள். இருநூற்றுச் சொச்சம் முறை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில், பட்டு தொட்டால் மடியும் போல இருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. உதடு ஈரமாக இருந்தது. வீட்டுக்காரச் சீன அம்மா இரண்டு முறை வெள்ளையடித்தும் திரும்ப வந்ததால், உன் பெண்டாட்டி லட்சணமாகத்தான் இருக்கிறாள் லா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி விட்டுவிட்டாராம். ஆனால் கறுப்பு எல்லாம் குவீன்ஸ்டவுனில் இருந்தது. சுவரில் இருந்தவளுக்கு முடி இல்லை, புருவம் இல்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. பல் மட்டும் இரண்டு இடத்திலும் இருந்தது. வெண்மைக்கு மை தேவையில்லை.

“கண்ணு மட்டும் இல்ல மாமா,” என்றான் ஜோனத்தன். “மத்தபடி நல்லா இருக்கா.”

அந்தோனியம்மாள் சுவர்ப் பக்கம் போய், தான் தைத்த ரவிக்கையின் கழுத்து வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிலுவைராஜ் நின்றபடியே, இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். நோட்டு கையில் இருந்தது. அவன் தேதி சொன்னான். எதனால் என்று கேட்டார். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

இறுதிச்சடங்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்து நான்காம் தேதி, சிலுவைராஜும் அந்தோனியம்மாளும் கோயிலுக்குப் போகவில்லை. ஜோனத்தன் போயிருந்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பங்குத்தந்தை தியானத்துக்குப் போயிருந்ததால், ஜொகூரிலிருந்து ஒரு சாமியார் பூசை வைக்க வந்திருந்தார். பூசை முடிவில் அவர் நீலக் கோப்பிலிருந்து அந்த வாரத் தாளை உருவி, உள்ளதை உள்ளபடி வாசித்தார். திருப்பயணப் பதிவு, மறைக்கல்வி வகுப்பு, அதன் பிறகு மூன்றாம் ஓலை. ஜோனத்தன், மிரண்டா. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தடை தெரிந்திருந்தது. பாதிப் பேர் வியாழக்கிழமை மண்டாய்க்கு வந்துபோனவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியூர்ச் சாமியாரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சிலர் இருந்தார்கள், அந்தப் பையன் அங்கேயே இருக்கிறானே என்று சிலர் இருந்தார்கள். சாமியார் வழக்கமான அளவுக்குக் காத்திருந்துவிட்டு ஆசீர் கொடுத்தார். பிறகு இந்த விஷயம் சிலுவைராஜின் காதுக்குப் போகாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

“நானாச்சும் எந்திரிச்சிருக்கணும்,” என்றான் ஜோனத்தன். “அவ பேரு என் பேரோட சேந்து வந்துச்சு மாமா. எந்திரிக்க முடியல. அதோட மூணு ஓலையும் முடிஞ்சிருச்சு. மறுநாள் காலைல சுவத்துல பச்சை.”

சிலுவைராஜுக்கு நீலக் கோப்பு கண்முன் வந்தது. மூன்று ஓலைத் தாள்களையும் செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரே மூச்சில் அடித்து, தேதி எழுதி, செருகியது அவர்தான். இரண்டு தாள் போனது. மூன்றாவதை எடுக்க வேண்டும் என்று அந்தச் செவ்வாய்க்கிழமையும் தோன்றவில்லை, வியாழக்கிழமையும் தோன்றவில்லை. சோதித்து ஒப்பமிட்ட லிஃப்ட் ஓடத்தான் செய்யும். உள்ளே என்ன உடைந்திருந்தாலும், யாராவது போய்ச் சிவப்புச் சீட்டு மாட்டுகிற வரைக்கும் அது ஆளை ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சீட்டை மாட்டுவதுதான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவருடைய வேலையாக இருந்தது. நோட்டைத் திறந்தார். காரணம் என்ற பத்தியில் பேனாவை வைத்தார். எழுதாமல் மூடினார்.

அடுத்த வாரம் அவர் வேறொரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். வழி தெரிந்த பிறகும் அதைத் தவிர மற்ற எல்லா வழியையும் பார்ப்பது மனித இயல்பு. கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாளில் படத்தை அச்சடித்தால் கறுப்பு மட்டும் அதில் விழும். அதைக் கொண்டுவந்து சுவரில் இருக்கும் நிறத்தின்மேல் பொருத்தினால் பெண் முழுதாகிவிடுவாள் என்பது அவர் கணக்கு. ஞாயிறு பூசை முடிந்து மூவரும் கிளமெண்டிக்கு வருவார்கள். ஜோனத்தன் தாளின் மேல் முனைகளைப் பிடிப்பான், சிலுவைராஜ் கீழ் முனைகளைப் பிடிப்பார், அந்தோனியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, தையற்காரியின் கண்ணோடு, மேலே, கொஞ்சம் இடது, போதும், போதும் என்பார். புருவம் பொருந்தினால் முடி விலகும். முடி பொருந்தினால் கண் கன்னத்தில் இறங்கும். மலிவுக் காலண்டரில் நிறம் ஒதுங்கி நிற்குமே, அப்படி எப்போதும் ஒரு நூல் தள்ளியே நின்றது. ஒரே ஒரு முறை, ஜூலை மாதக் கடைசி ஞாயிறு, ஜோனத்தனின் பிடி நழுவித் தாள் நகர்ந்தபோது, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மிரண்டா மூவரையும் பார்த்தாள். ஈறைப் பார்ப்பது போலச் சற்றுக் கீழே பார்த்தாள். அந்தோனியம்மாள் ‘போதும்’ என்று சொல்வதற்குள் விலகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு முயன்றும் வரவில்லை.

அந்த ஞாயிறுகளில் எல்லாம் மாலை நான்கு மணிக்கு ஜோனத்தனின் தொலைபேசி ஒலிக்கும். தூத்துக்குடியிலிருந்து அவன் அம்மா. அவன் கை தாளில் இருக்கும், எடுக்கமாட்டான். ஒலித்து ஓயும். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அது மூன்றாம் முறையாக ஒலித்தபோது அந்தோனியம்மாள் எழுந்து போய் எடுத்தார். சம்பந்தியம்மா என்று கூப்பிட்டுப் பேசினார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து சிலுவைராஜின் கையிலிருந்த தாளின் முனையைத் தன் கையால் விடுவித்தார்.

“அந்த அம்மாவுக்கும் ஒரே புள்ளதாங்க. ஒரு வருஷமா குரலக்கூடக் கேக்கலயாம். உசுரோட இருக்கானான்னு எங்கிட்ட கேக்குது.”

ஜோனத்தன் தாளின் மேல் முனைகளை விட்டான்.

“நம்ம தாளுங்க அது,” என்றார் அந்தோனியம்மாள். “நம்மதான் எடுக்கணும்.”

சிலுவைராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜோனத்தனிடம், நான் கோயிலில் போய்ச் சொல்லவேண்டியிருக்கும் தம்பி என்றார்.

“சொன்னா இது போயிடும் மாமா.”

“தெரியும்பா.”

“எனக்கு இதுவாச்சும் இருக்கேன்னு...” என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. ஒருமாத காலம் தரச் சொல்லிக் கேட்டான். சிலுவைராஜ் தந்தார். அந்த மாதம் முழுக்க அவர் பிரிண்டரைத் தொடவில்லை. ஏற்கெனவே இருப்பது கலையாமல் இருக்கட்டும் என்று. செப்டம்பர் முதல் வாரத்தில், நாள் மீதம் இருக்கும்போதே, ஜோனத்தன் தொலைபேசியில் அழைத்து, “சொல்லிடுங்க மாமா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பங்குத்தந்தை ரோனி சாமியார் முதலில் இதை அலுவலகத்திலேயே முடித்துவிடலாம் என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே அண்ணே என்றார். தெரியும் ஃபாதர், யாரும் சொல்லலயே என்றார் சிலுவைராஜ். சாமியார் பதிவேட்டைப் புரட்டி, மூன்றாம் ஓலைக்கு எதிரே ‘தடை இல்லை’ என்று எழுதியிருப்பதை வெகுநேரம் பார்த்தார். சபையில் கேட்ட கேள்விக்குச் சபையில்தான் பதில் வரவேண்டும் என்று முடிவு செய்தார். செப்டம்பர் பதினைந்தாம் தேதி, ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில், திருப்பயணப் பதிவு, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, அவர் அந்தப் பழைய தாளை எடுத்து வாசித்தார். தூத்துக்குடியைச் சேர்ந்த ஜோனத்தனும், இப்பங்கைச் சேர்ந்த சிலுவைராஜ், அந்தோனியம்மாள் தம்பதியரின் மகள் மிரண்டாவும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சிலுவைராஜ் எழுந்தார். முன்வரிசைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தடை இருக்கு, ஃபாதர்.”

“என்ன தடைன்னு சொல்லணும்.”

“பொண்ணு இல்ல.”

சாமியார் காத்திருந்தார். பதிவேட்டில் அதை எழுத முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அந்தோனியம்மாள் சிலுவைராஜைப் பார்க்காமல், பீடத்தைப் பார்த்தபடியே, அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“செத்துப் போயிட்டா,” என்றார் சிலுவைராஜ். “போன வருஷம் செப்டம்பர் பத்தொம்போது, செவ்வாக்கிழம. எம் பொண்ணு செத்துப் போயிட்டா.”

கடைசி வரிசையில் ஜோனத்தனும் எழுந்து நின்றான். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள், ஓராண்டு தாமதமாக. சாமியார் பதிவேட்டில் எழுதினார். பேனா நகரும் சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. ‘உக்காருங்க’ என்று அந்தோனியம்மாள் மெல்லச் சட்டையை இழுத்தார்.

ஜோனத்தன் அன்று கிளமெண்டிக்குத் திரும்பியபோது சுவர் வெள்ளையாக இருந்தது. கூரையும் வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரச் சீன அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. முதல் ஒலியிலேயே எடுத்தான். குவீன்ஸ்டவுனில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிலுவைராஜ் பிரிண்டரை இயக்கினார். சோதனைப் பக்கம்கூடப் போடவில்லை. நேராகப் படத்தைப் போட்டார். ராமர் பச்சை முதலில் மேலிருந்து கொஞ்சமாக வந்தது, பிறகு முடி, புருவம், கண், கன்னம், ரவிக்கை என்று ஒரு நூல்கூட விலகாமல் வந்தது. கீழே மிரண்டா என்ற பெயர் வந்தது. பிறந்த தேதி வந்தது. இறந்த தேதி வரவில்லை. திரையில் இருந்தது, தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இன்னொரு முறை அடித்தார். அப்படியே வந்தது. கறுப்பு மை நிறைந்திருந்தது.

நோட்டை எடுத்தார். இந்த முறை கோளாறு என்று எதையும் எழுதவில்லை. ஓராண்டாகக் காலியாக இருந்த காரணம் என்ற பத்தியில் ‘ஓலையை எடுக்கவில்லை’ என்று எழுதினார். செய்தது என்ற பத்தியில் ‘சொல்லியாயிற்று’ என்று எழுதினார். பிறகு அதே பேனாவால், படத்தின் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில், எழுத்து கோணாமல் இருக்க மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு, 19.9.2023 என்று எழுதினார். கையால் எழுதக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லாததால் மாடத்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை முதலாண்டுப் பூசைக்கு ஜோனத்தன் வந்திருந்தான். மாடத்தின் முன்னால் நின்று, இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, “போயிட்டு வர்றேன் அங்கிள். வர்றேன் ஆன்ட்டி” என்றான். அந்தோனியம்மாளுக்கு ஒரு கணம் முகம் மாறியது. “சரிப்பா, பாத்துப் போ” என்றார். டிசம்பரில் அவன் ஊருக்குப் போய்வந்தான். அடுத்த ஆண்டு அவன் பெயர் வேறொரு பெயரோடு தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டது. அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை. எழுந்து நிற்கக் காரணமும் இல்லை.

சிலுவைராஜ் இப்போது அறிவிப்புத் தாளை வாரா வாரம்தான் அச்சடிக்கிறார். லீலி மலர் லீலி மலராகவே வருகிறது. செப்டம்பர் மாதம் நினைவுப் பூசை அறிவிப்பு அடிக்கும்போது மட்டும் அந்த ஒரு தேதியின் இடம் வெறுமையாக வருகிறது. அறுபது தாள் என்றால் அறுபதிலும். அந்தோனியம்மாள் தாள்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுப்பார், அவர் ஒவ்வொன்றிலும் கையால் எழுதுவார், மை காய்ந்ததும் அடுக்கிவைப்பார்கள். மற்றபடி அந்த பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை.